வெளியே மழை, உள்ளே வாண்டு

காலை ஒன்பதரைக்குள் பொம்மைக் கூடை கவிழ்ந்திருக்கும். படப் புத்தகம் மூன்று தடவை வாசித்து முடிந்திருக்கும். குழந்தை ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். வெளியே மழை விடுகிற மாதிரி தெரியாது, குளிர் வேறு. இந்த நேரத்தில் கை தானாகவே இன்னொரு பொம்மையைத் தேடிப் போகும். அது பலிக்காது. குழந்தைக்கு அன்றைக்குக் குறைந்திருப்பது ஓட்டம்.

1 முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே மூச்சில் வேண்டாம், நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் போதும். வெயில் நாளில் இந்த மூன்று மணி நேரம் நாம் கவனிக்காமலே கழிந்துவிடும். மழைநாளில் அதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த வேகம் சோபா மேல் ஏறும், திரைச்சீலையில் தொங்கும், தம்பி தங்கையைக் கடிக்கும். அடம், சிணுங்கல் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி இதுதான்.

அதனால் நாளின் வரிசை முக்கியம். முதலில் உடம்புக்கு வேலை, அடுத்து கைக்கு வேலை, கடைசியில் அமைதி. மதியத் தூக்கத்துக்கு முன் இந்தச் சுற்று ஒரு தடவை, தூங்கி எழுந்த பின் இன்னொரு தடவை. ஓடாத குழந்தையைக் களிமண் முன்னால் உட்கார வைத்தால் மூன்று நிமிடத்தில் களிமண் சுவரில் இருக்கும். இருபது நிமிடம் ஓடிய குழந்தை அதே களிமண்ணோடு கால் மணி நேரம் உட்காரும்.

முதலில் உடம்புக்கு

ஓட விடுவதற்கு முன் அறையை ஒரு தடவை குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே சோபாவோ நாற்காலியோ இருந்தால் நகர்த்துங்கள்; ஏறுகிற வயது இது. இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அலமாரியே முன்னால் சாயும். ரூம் ஹீட்டர் இருந்தால், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மீட்டருக்குத் துணி, மெத்தை, குழந்தை எதுவும் வரக்கூடாது. சாக்ஸைக் கழற்றிவிடுங்கள். வழவழப்பான தரையில் சாக்ஸ் போட்டு ஓடும் குழந்தை மல்லாந்து விழுந்து பின்தலையில் அடிபடும். தரை ஜில்லென்று இருந்தால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் போடலாம்.

ஓடிப் பிடித்து விளையாடுவதைவிடத் தள்ளுவதும் இழுப்பதும் தூக்குவதும்தான் இந்த வயதுக்கு நல்ல பலன் தருகிறது. பாரத்தைத் தள்ளும்போது தசைகளும் மூட்டுகளும் நன்றாக வேலை செய்கின்றன. அது குழந்தையைக் களைப்பாக்குவதோடு நிதானத்துக்கும் கொண்டுவருகிறது. துரத்தல் விளையாட்டோ சிரிப்பை ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் அழுகையில் முடியும். துணிக்கூடையில் மடித்த துணி 2 அல்லது 3 கிலோ போட்டு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். வெறும் கூடை சறுக்கிக்கொண்டு முன்னால் ஓட, பின்னாலேயே குழந்தை முகம் குப்புற விழும். அந்தப் பாரம் அதற்காகத்தான். வழவழத் தரையில் கூடைக்கு அடியில் ஒரு பழைய துண்டை விரித்தால் தரை கீறாது. கம்பளத்தில் கூடை நகராது. அங்கே அட்டைப்பெட்டி நன்றாகப் போகும்.

தள்ளுவதற்கு ஒரு காரணம் இருந்தால் விளையாட்டு நீளும். “இந்தத் தலையணை எல்லாம் அந்த ரூமுக்குப் போகணும்” என்று சொன்னால் போதும். ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தைகளுக்கு எதையாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதில் அப்படி ஓர் ஆசை. போன தலையணைகளைத் திரும்பக் கொண்டுவரும் வேலையையும் அதுவே சந்தோஷமாகச் செய்யும்.

தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது இன்னொரு நல்ல வழி. முதலில் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. அதன்மேல் நடக்கட்டும். பிறகு வளைவு, பிறகு குதிப்பதற்கு 20 செ.மீ. இடைவெளியில் நாலைந்து குறுக்குக் கோடுகள். இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பிக் குதிப்பது பொதுவாக இரண்டு வயதை ஒட்டித்தான் வரும். அதற்குச் சிறிய குழந்தை கோட்டைத் தாண்டி அடி வைத்தாலே அதைக் குதித்ததாக எடுத்துக்கொள்ளலாம். டேப்பை அன்று மாலையே எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் பசை தரையில் இறங்கிவிடும். பாலிஷ் போட்ட மரத்தரை என்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு துண்டு ஒட்டி எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டேப்பைப் பிய்ப்பதே தனி விளையாட்டு. ஒட்டும்போது முனையை ஒரு செ.மீ. உள்பக்கமாக மடித்து வாலாக விட்டுவிடுங்கள். அந்த வால் இல்லையென்றால் குழந்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கோபப்படும். வால் இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து பிடிக்கும், நாக்கு லேசாக வெளியே வரும், முழு உடம்பும் பின்னால் சாயும், டேப் ‘சர்ர்’ரென்று கிளம்பும். பிய்த்த டேப்பை உருட்டி வாயில் போடாமல் உடனே வாங்கிக்கொள்வது நம் வேலை.

எறிகிற குழந்தையை “எறியாதே” என்று சொல்லி நிறுத்த முடியாது. பொருள் எப்படிப் போகிறது, எங்கே விழுகிறது, என்ன சத்தம் வருகிறது என்று பார்க்கிற காலம் அது. எறிய வேண்டியதை நாம் மாற்றிக் கொடுக்கலாம்: ஜோடி சாக்ஸைச் சுருட்டிப் பத்துப் பந்து, ஒரு வாளி. ஒன்றரை வயதுக்கு வாளி அரை மீட்டர் தள்ளி, இரண்டரைக்கு ஒரு மீட்டர். பலூன் கொடுக்கத் தோன்றும், வேண்டாம். வெடித்த பலூனின் ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சை முழுவதுமாக அடைக்கும், எடுப்பதும் கடினம்.

கைக்கு வேலை

உடம்பு களைத்ததும் குழந்தை தானே ஓரிடத்தில் குந்தும். இப்போது நிறைய எடுத்து முன்னால் கொட்டாதீர்கள். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 30 மாதம் வரையிலான 36 குழந்தைகளை விளையாட விட்டுப் பார்த்தார்கள். 16 பொம்மைகள் இருந்தபோது இருந்ததைவிட, 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் குழந்தைகள் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். 2018இல் வெளியானது இந்த ஆய்வு. வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. நாலைந்து சாமான் போதும். மீதியைத் துணி போட்டு மூடி வையுங்கள். மதியத்துக்கு மேல் இரண்டை உள்ளே வைத்து வேறு இரண்டை எடுத்தால், பழைய பொம்மைக்குப் புது மவுசு வந்துவிடும்.

ஆனால் ஒரே வகைப் பொருள் நிறைய இருப்பது வேறு விஷயம். குழந்தைப் பராமரிப்பில் பெயர் பெற்ற எலினோர் கோல்ட்ஷ்மீட், டப்பா, மூடி, அட்டைக்குழாய், சங்கிலி போன்ற சாதாரணப் பொருள்களை நிறைய எண்ணிக்கையில் வாண்டுகள் முன்னால் வைத்து, பெரியவர்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். வீட்டில் சமையலறை இழுப்பறையே இதற்குப் போதும். மூடியோடு ஆறு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு மரக்கரண்டி, நாலு அட்டைக்குழாய். போடுவது, எடுப்பது, மூடுவது, தட்டுவது என்று நேரம் போய்விடும். இதில் கடினமான பகுதி நம்முடையது. “அந்த மூடி இதுக்கு இல்லடா கண்ணா” என்று சொல்ல வாய் துடிக்கும். சொன்னால் விளையாட்டு அந்த இடத்தில் முறிந்துவிடும். மூடி பொருந்தாமல் போவதைக் குழந்தை எட்டு தடவை பார்க்க வேண்டும். ஒன்பதாவது தடவை அதுவே வேறு மூடியை எடுக்கும்.

பொருள் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கழிவறைத் தாள் சுற்றியிருக்கும் அட்டைக்குழாய் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு வேண்டாம். பொம்மை ஆலைகள் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளை சுமார் 32 மி.மீ. அகலம்தான், அட்டைக்குழாய் அதைவிடப் பெரியது என்பதால் கூடுதல் பாதுகாப்பு. பட்டன் பேட்டரி உள்ள ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடையிடும் கருவி எல்லாவற்றையும் மேலே எடுத்து வையுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் மணிகளும் அதே ஆபத்துதான். அவை வயிற்றுக்குள் போயும் பெரிதாகிக் குடலை அடைக்கும். குட்டிக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள்ளேயே அவை வரக்கூடாது.

கைவேலைகளில் நம் முதல் சிபாரிசு தண்ணீர். குளிர் நாளில் தண்ணீரா என்று தயங்க வேண்டாம், வெதுவெதுப்பாக ஊற்றிக்கொடுங்கள். 40க்கு 30 செ.மீ. அளவுள்ள தட்டையான டப் ஒன்றில் 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் சுமார் மூன்றரை லிட்டர் வரும். முழுவதும் கொட்டினாலும் துடைத்துவிடலாம் என்கிற அளவு. அடியில் ஒரு பெரிய துண்டு, பக்கத்தில் இன்னொன்று. இரண்டு கப், ஒரு புனல், ஒரு ஸ்பாஞ்ச், அதற்கு மேல் வேண்டாம். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டால் இறங்கி நனைந்துகொண்டே இருக்கும். அரைக்கைச் சட்டையும் மேலே கையில்லாத ஸ்வெட்டரும் போட்டுவிடுங்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும். உதடோ விரல் நுனியோ நிறம் மாறக் காத்திருக்காமல், தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

ஊற்றுவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கப் நிறைய மொண்டு குழந்தை தூக்கும்; அடுத்த கப்புக்கு மேலே கை வருவதற்கு முன்பே மணிக்கட்டு சாய்ந்துவிடும், தண்ணீர் துண்டில் போகும். கப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் இன்னும் சாய்த்தால்தான் தண்ணீர் விளிம்புக்கு வரும். அதற்குள் கை இலக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சின்ன கப், வாய் அகலமான பெரிய பாத்திரம் என்று கொடுங்கள். நாலைந்து தடவைக்குள் குறி வைத்து ஊற்ற வந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்கவே இதைச் செய்யலாம். ஸ்பாஞ்ச் இரண்டு வயதுக்கு மேல்தான், அதுவும் கடித்துப் பிய்க்காத குழந்தைக்கு.

டப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். குழந்தை மூழ்க 5 செ.மீ. தண்ணீரே போதும். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி டப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகுதான் துண்டைப் பிழிய வேண்டும்.

அடுத்தது விளையாட்டு மாவு. கடையில் வாங்கியதைவிட வீட்டில் வேகவைத்த மாவு மென்மையாக இருக்கும். மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. நிறம் வேண்டுமென்றால் உணவு நிறத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள். பிசையும்போது சேர்த்தால் கையெல்லாம் ஒட்டும். எல்லாவற்றையும் அடுப்பு ஏற்றும் முன் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கூழ் இறுகிப் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டையாகச் சேரும். நடுவில் பளபளவென்று ஈரம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. இறக்கி நன்றாக ஆறிய பின் இரண்டு நிமிடம் பிசையுங்கள். வெளியே ஆறியிருந்தாலும் நடுப்பகுதி சூடாகவே இருக்கும், அதனால் பிளந்து பார்த்துத்தான் குழந்தையிடம் தர வேண்டும்.

மாவு கையில் ஒட்டினால் எல்லோரும் செய்வது மேலும் மைதா தூவுவது. அப்போதைக்குச் சரியாகும், மறுநாள் விரிசல் விடும். ஒட்டுவதற்குக் காரணம் வேக்காடு போதாதது. திரும்ப அடுப்பில் ஒரு நிமிடம் கிளறினால் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டல் போய்விடும். காய்ந்து வெடித்தால் சில துளி தண்ணீர் தொட்டுப் பிசைந்தால் போதும். காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் இருக்கும். பூஞ்சை தெரிந்தாலோ வாடை மாறினாலோ தூக்கிப் போடுங்கள். இதில் உப்பு மிக அதிகம். எதையும் வாய்க்குக் கொண்டுபோகிற கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு இது வேண்டாம், சில மாதம் பொறுக்கலாம். வீட்டு நாய்க்கு எட்டும்படியும் வைக்கக் கூடாது. உப்பு அதற்கும் விஷம்.

இரண்டு வயதுக்கு அச்சு, கட்டர் எல்லாம் தேவையில்லை. ஒரு உருண்டை, ஒரு முள்கரண்டி, ஒரு மூடி. குத்தும், அழுத்தும், பிய்க்கும். நாம் யானை செய்து காட்டினால் குழந்தை தான் செய்வதை நிறுத்திவிட்டு “யானை செய்” என்று நம்மையே வேலை வாங்கும்.

கார்ன்ஃப்ளார் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்தால் அழுத்தும்போது கெட்டியாகி, விட்டால் வழியும் கலவை கிடைக்கும். வேடிக்கையான பொருள்தான், ஆனால் சுத்தம் செய்வது பெரிய வேலை. குளியலறைத் தரையில் மட்டும் கொடுங்கள். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினால் மாவு அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். காயவிட்டுக் குப்பையில் போட வேண்டும்.

பக்கத்தில் இருப்பது பற்றி ஒரு வார்த்தை. எந்த விளையாட்டிலும் முதல் பத்து நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு முழுசாக உட்காருங்கள். அதன்பிறகு அதே அறையில் துணி மடிப்பது மாதிரி நம் வேலையை ஆரம்பித்தால் குழந்தை தொடர்ந்து விளையாடும். தண்ணீருக்கு மட்டும் இது பொருந்தாது. தொடக்கத்திலிருந்தே பாதிக் கண் போனில் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நம்மை இழுத்துக்கொண்டே இருக்கும், கணக்குப் பார்த்தால் அதில்தான் நமக்கு அதிக நேரம் போகும்.

கால் மணி நேரம் வெளியே

இடி மின்னல் இல்லையென்றால், காற்று பலமாக அடிக்கவில்லையென்றால், மழையிலேயே ஒரு நடை போய்வரலாம். நாள் முழுக்க உள்ளே இருப்பதைவிட இந்தப் பதினைந்து நிமிடம் குழந்தையை அதிகம் மாற்றும். உள்ளே பருத்திக்குப் பதில் கம்பளியோ ஃபிளீஸோ போடுங்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே மழைக்கோட்டு. நீர் புகாத கால்சட்டை இருந்தால் அதன் கால்முனை பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே சொருகினால் வழிகிற தண்ணீர் முழுவதும் பூட்ஸுக்குள் போகும். குளிருக்கு என்று இரண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்கிவிடாதீர்கள். விரல் அசைய இடமில்லாத கால்தான் சீக்கிரம் சில்லிடும். பின்கழுத்தில் கை வைத்துப் பாருங்கள்: கதகதப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒரு அடுக்கு அதிகம், ஜில்லென்று இருந்தால் திரும்புங்கள்.

கிளம்பும் முன்பே கதவுக்கு உட்பக்கம் ஒரு துண்டு, மாற்றுத்துணி, பழைய சாக்ஸ் எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். திரும்பி வந்து ஈரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலமாரியைத் துழாவுவதால்தான் பலருக்கு மழையில் வெளியே போவதே வெறுத்துப்போகிறது. இடிச் சத்தம் கேட்டால் உடனே உள்ளே வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே போக வேண்டும்.

இருட்டத் தொடங்கும் நேரம்

மேகமூட்டமான நாளில் மதியத் தூக்கம் நீண்டுவிடும். 1 முதல் 2 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை; பகலில் அளவுக்கு மீறித் தூங்கினால் அதை இரவில் கழித்துவிடும். எழுப்ப வேண்டிய நேரத்தில் சத்தம் போடாமல் திரைச்சீலையைத் திறந்து விளக்கைப் போடுங்கள்.

மாலை நாலரையிலிருந்து ஆறு வரைதான் எல்லோருக்கும் பொறுமை போகும் நேரம். பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிவிட்டு, மேலே ஒரு போர்வை போட்டால் குகை. உள்ளே தலையணையும் டார்ச்சும். டார்ச்சின் பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். சுவரில் கை நிழல், ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மழைத்துளி வழியும்போது எது முதலில் கீழே வரும் என்று பார்ப்பது, மூன்று புத்தகம். திரையைப் போடுவதென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் என்கிறது, இரண்டு வயது முதல் நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. அந்த நேரத்தைக் காலையிலேயே செலவழிக்காமல், சமைக்கிற இந்த வேளைக்கு வைத்துக்கொண்டால் அதற்கு மதிப்பு உண்டு. எந்த நிகழ்ச்சி, எப்போது முடியும் என்பதைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் அணைத்தால் அழுகை நிச்சயம், அத்தியாயம் முடிந்ததும் அணைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அதன்பின் குளியல். தண்ணீர் 37 டிகிரி செல்சியஸ் அளவில், முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் விளையாடிய அதே கப்புகளைப் போட்டுவிடுங்கள், இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்கும். துண்டு, உடை, எண்ணெய், சீப்பு அனைத்தும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகு தண்ணீரைத் திறவுங்கள். ஏதாவது மறந்துபோய் எடுக்கப் போக வேண்டியிருந்தால் குழந்தையையும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே போங்கள்.